விளக்கைக் குறைத்த கல்யாண வீடு

மகளுக்குக் கல்யாணம். பந்தல் போட்டாகிவிட்டது, மின்விளக்குக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்கிறான் சிறையிலிருந்து வெளியே வந்த ஓர் ஆப்கானியன். பல வருடங்களுக்கு முன், இன்று மணப்பெண்ணாக உட்கார்ந்திருப்பவள் சிறுமியாக இருந்தபோது, பாதாமும் திராட்சையும் கொடுத்து விளையாட்டுக் காட்டியவன். அவளை ஒருமுறை பார்க்கவேண்டும் என்கிறான். நல்ல நாளில் கொலைக்குற்றவாளியா என்று வீட்டுக்காரர் தயங்குகிறார். அவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு கசங்கிய காகிதத்தை எடுத்துப் பிரிக்கிறான். கரி தடவி ஒற்றி எடுத்த ஒரு சின்னக் கையின் அச்சு அதில் இருக்கிறது. ஊரில் விட்டுவந்த அவனுடைய மகளின் கை.

வீட்டுக்காரர் பணம் எடுத்துக் கொடுத்து, ஊருக்குப் போய் மகளைப் பார் என்று அனுப்பிவைக்கிறார். அதனால் கல்யாணத்தில் விளக்குகள் குறைந்தன, பேண்டு வரவில்லை, வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தார்கள்.

ரவீந்திரநாத் தாகூர் 1892-இல் எழுதிய 'காபூலிவாலா' இப்படி முடிகிறது. தபன் சின்ஹா வங்காளத்தில் எடுத்த படம் 1957-இல் வந்தது. தேசிய விருதில் நாட்டின் சிறந்த படமாகத் தேர்வானது, ரவிசங்கரின் இசைக்காக பெர்லினில் வெள்ளிக் கரடியும் வாங்கியது. 1961-இல் பிமல் ராய் தயாரிக்க, ஹேமன் குப்தா அதை இந்தியில் எடுத்தார். அதில் பல்ராஜ் சஹானி காபூல்காரனாக நடித்தார். மதம் வேறு, நாடு வேறு, பாஷையும் அரைகுறை. ஆனாலும் இந்தக் கதை நிற்பதற்குக் காரணம் அந்த அப்பா உதிர்த்த நல்ல வார்த்தைகள் அல்ல. அணைந்துபோன கல்யாண விளக்குகள்தான்.

மத எல்லையையும் நாட்டு எல்லையையும் தாண்டிய அன்பை இந்தியச் சினிமா 80 வருடங்களுக்கு மேலாகப் படமாக்கி வருகிறது. அவற்றில் பல படங்கள் வந்த வருடத்தோடு பழசாகிவிட்டன. சில மட்டும் இன்றைக்கும் பார்ப்பவரைத் தொந்தரவு செய்கின்றன. எந்தப் படம் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: அன்பு காட்டியவருக்கு அதனால் என்ன நஷ்டம்?

முகம்மது அலி ஜின்னாவின் முஸ்லிம் லீக், லாகூரில் தனி நாட்டுத் தீர்மானம் போட்டது 1940 மார்ச்சில். அடுத்த வருடமே பிரபாத் ஃபிலிம் கம்பெனிக்காக வி. சாந்தாராம் 'படோசி'யை எடுத்தார். மராத்தியில் அதன் பெயர் 'ஷேஜாரி'. இரண்டுக்கும் பொருள் பக்கத்து வீட்டுக்காரர். தாக்கூரும் மிர்ஸாவும் ஒரே ஊரில் பல காலமாக நண்பர்கள். அணை கட்ட வரும் முதலாளி, ஊரின் எதிர்ப்பை உடைப்பதற்காக இருவருக்கும் நடுவில் பகையை மூட்டுகிறான். கடைசியில் அணை உடைகிறது, நண்பர்கள் இருவரும் வெள்ளத்தில் சேர்ந்தே சாகிறார்கள். மதச் சண்டைக்குப் பின்னால் ஒரு பணக் கணக்கு இருக்கிறது என்று 1941-லேயே சொன்ன படம் இது. சாந்தாராம் இன்னொரு வேலையும் செய்தார். இந்து தாக்கூராக முஸ்லிம் நடிகர் மஸ்ஹர் கானையும், மிர்ஸாவாக இந்து நடிகர் கஜானன் ஜாகீர்தாரையும் நடிக்க வைத்தார்.

மணிரத்னம் இதே வித்தையை 1995-இல் 'பம்பாய்' படத்தில் செய்தார். நாராயண பிள்ளையாக நாசர், பஷீராக கிட்டி. நெல்லைப் பக்கத்துக் கிராமத்தில் ஜென்மப் பகையாகத் திரியும் இந்தச் சம்பந்திகள்தான் படத்தின் உண்மையான காதலர்கள் என்றுகூடச் சொல்லலாம். இருவருக்கும் பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகு ஒரே வீட்டில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு எந்தச் சாமியைச் சொல்லிக்கொடுப்பது என்று முட்டிக்கொள்வது தமிழ்ச் சினிமாவின் மிக நல்ல மாமனார்ச் சண்டைகளில் ஒன்று. கலவரத் தீ அந்த வீட்டையும் எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகளில் ஒருவனைக் கலவரத்திலிருந்து காப்பாற்றுவது எந்த மதப் பெரியவரும் அல்ல, ஒரு திருநங்கை. அந்தப் படத்துக்கான விலையைத் திரைக்கு வெளியேயும் கொடுக்க வேண்டியிருந்தது. 1995 ஜூலையில் மணிரத்னத்தின் சென்னை வீட்டில் குண்டு வீசப்பட்டது, அவர் காயமடைந்தார். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது பிறகு வந்தது.

இந்த வகைப் படங்களில் ஒரு பெரிய கிளை உண்டு. பிள்ளைகள் பிரிவார்கள், ஆளுக்கொரு மதத்தில் வளர்வார்கள், கடைசியில் ரத்த உறவு தெரியவரும். தமிழில் ஏ. பீம்சிங்கின் 'பாவ மன்னிப்பு' 1961-லேயே இதைச் செய்துவிட்டது. இந்துக் குழந்தையை இஸ்மாயில் பாய் எடுத்து வளர்க்கிறார், அவன் ரஹீம் ஆகிறான். சிவாஜி கணேசன் ரஹீம், நாகையா இஸ்மாயில் பாய். 16 வருடம் கழித்து மன்மோகன் தேசாய் இந்தியில் 'அமர் அக்பர் ஆண்டனி'யை எடுத்தபோது அந்த ஃபார்முலா தேசிய கீதம் மாதிரி ஆனது. ஆகஸ்ட் 15 அன்று காந்தி சிலைக்குக் கீழே விட்டுப்போன மூன்று பிள்ளைகள். ஒருவனைப் போலீஸ்காரர், ஒருவனை முஸ்லிம் தையல்காரர், ஒருவனைப் பாதிரியார் வளர்க்கிறார்கள். அம்மாவின் பெயர் பாரதி. மூவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்க, மூன்று குழாய் ரத்தமும் ஒரே பாட்டிலில் ஏறி அங்கிருந்து நேராக அம்மாவின் உடம்பில் இறங்குகிறது. ரத்த வங்கியில் வேலை பார்க்கிற எவரும் இந்தக் காட்சியைக் கண் திறந்து பார்க்க முடியாது. புவியீர்ப்பையும் ரத்தப் பரிசோதனையையும் ஒரே நேரத்தில் தூக்கி எறிந்த காட்சி அது. ஜனங்கள் கைதட்டினார்கள். அடுத்த வருடமே தமிழில் 'சங்கர் சலீம் சைமன்' வந்தது.

உற்சாகமான படங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு சின்ன முள் இருக்கிறது. ரஹீமும் அக்பரும் ஆண்டனியும் பிறப்பால் இந்துக்கள். வேற்று மதத்தவனை நேசி என்று சொல்ல வந்த படம், அவன் நிஜத்தில் வேற்று மதத்தவன் இல்லை, நம்ம வீட்டுப் பிள்ளைதான் என்று ஒரு பத்திரமான வழியை வைத்துக்கொண்டே சொல்கிறது. இதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவர் யஷ் சோப்ரா. ஆச்சார்ய சதுர்சேன் நாவலிலிருந்து அவர் எடுத்த 'தர்மபுத்ரா'வும் 'பாவ மன்னிப்பு' வந்த அதே 1961-இல்தான் வந்தது. முஸ்லிம் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை இந்து வீட்டில் வளர்கிறது. வளர்ந்து முஸ்லிம்களை வெறுக்கும் தீவிர இந்துத்வ இளைஞனாகிறது. சசி கபூர் கதாநாயகனாக நடித்த முதல் படம். இந்தியில் சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை. பின்னாளில் மூன்று குழாய் ரத்தத்தை ரசிக்கப்போகும் கூட்டம், தன் பிறப்பே தனக்கு எதிராகத் திரும்பிய ஒருவனைப் பார்க்க வரவில்லை.

எம். எஸ். சத்யுவின் 'கரம் ஹவா'வில் (1973) அன்பு கிட்டத்தட்டக் கிடையாது. அதனாலேயே இந்த வரிசையில் அதை விடமுடியாது. காபூல்காரனாக நடித்த பல்ராஜ் சஹானிதான் இதில் ஆக்ராவின் செருப்பு வியாபாரி சலீம் மிர்ஸா. இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத கதை ஒன்றிலிருந்து கைஃபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும் எழுதியது. பிரிவினைக்குப் பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பாகிஸ்தான் ரயில் ஏறுகிறார்கள், சலீம் போகவில்லை. போகாதவருக்கு வங்கி கடன் தரவில்லை, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. ஹவேலியைக் காலி பண்ணும்போது சலீமின் வயதான அம்மா விறகு அடுக்கிய அறையில் ஒளிந்துகொள்கிறாள். சாகும் தறுவாயில் அவளைப் பல்லக்கில் வைத்துப் பழைய வீட்டுக்கே தூக்கிவருகிறார்கள். யாரும் இங்கே கத்தி எடுக்கவில்லை. கதவு மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படுகிறது. பதற்றம் வரும் என்று பயந்து தணிக்கைக் குழு படத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது. டப்பிங் முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, சஹானி இறந்துபோனார். படம் திரைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

பெரிய வசூலோடு இந்த விஷயத்தைக் கையாண்ட படம் என்றால் கபீர் கான் இயக்கிய 'பஜ்ரங்கி பாய்ஜான்' (2015). கதை எழுதியவர் கே. வி. விஜயேந்திர பிரசாத். பேச்சு வராத ஆறு வயதுப் பாகிஸ்தான் சிறுமியை, டெல்லி நிஜாமுதீன் தர்காவில் வேண்டிக்கொள்ள அம்மா கூட்டி வருகிறாள். திரும்பும்போது ரயில் நின்ற இடத்தில் ஓர் ஆட்டுக்குட்டிக்காக இறங்கிய பிள்ளை இந்தியாவிலேயே தங்கிவிடுகிறது. அது போய் ஒட்டிக்கொள்வது பவன் என்கிற அனுமார் பக்தனிடம்.

முதல் பாதியின் நகைச்சுவை, சிரித்துக்கொண்டே ஒரு நாட்டின் புத்தியை உரித்துக் காட்டுகிறது. குழந்தை வெள்ளையாக இருக்கிறது, அப்படியானால் பிராமணப் பிள்ளை என்கிறான் பவன். கோழிக்கறியை ஆசையாகச் சாப்பிடுகிறாள், சரி, க்ஷத்ரியப் பிள்ளை. அப்புறம் பள்ளிவாசலில் தலையில் துணி போட்டுக்கொண்டு நிற்கிறாள். அதற்குப் பிறகு டிவியில் கிரிக்கெட், வீடே வாடிப்போய் உட்கார்ந்திருக்க, பாகிஸ்தான் ஜெயித்ததும் அவள் மட்டும் துள்ளிக் குதிக்கிறாள். சாதியில் தொடங்கி, மதத்துக்குப் போய், கடைசியில் நாட்டில் வந்து முட்டுகிறது அந்த விசாரணை. இந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு படியிலும் பவனுக்கு வயிறு கலங்குகிறது. ஆனால் அவள் கையை விடுவதில்லை.

படத்தின் உண்மையான துணிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. பவன் மதத்தை விட்டுவிட்டு நல்லவனாவதில்லை. மத நம்பிக்கையால்தான் நல்லவனாக இருக்கிறான். அனுமார் பக்தன் பொய் சொல்லமாட்டான் என்பதால், எல்லைச் சுரங்கம் வழியாகத் திருட்டுத்தனமாக உள்ளே போனவன் அங்கேயே உட்கார்ந்து பாகிஸ்தான் வீரர்களிடம் அனுமதி கேட்கிறான். அடி வாங்கிக்கொண்டும் கேட்கிறான். முதலில் மசூதிக்குள் கால் வைக்கத் தயங்கியவனை ஓம் புரி நடித்த மௌலானா உள்ளே கூப்பிட்டு ஒளித்துவைக்கிறார். விடைபெறும்போது, உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டு அதையே சொல்லி வழியனுப்புகிறார். தாடி வைத்த மௌலானாவும் அனுமார் பக்தனும் தங்கள் தங்கள் சாமியை விடாமலேயே ஒருவருக்கொருவர் உதவ முடியும் என்பது, முற்போக்குப் படங்கள்கூட அதிகம் நம்பாத ஒரு விஷயம்.

ஆனாலும் ஒரு கேள்வி உறுத்தத்தான் செய்கிறது. அந்தக் குழந்தைக்குப் பேச்சு வராது. பேசாத குழந்தையிடம் அன்பு காட்டுவது சுலபம், அது தன் சாமியைப் பற்றி எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாது. கடைசிக் காட்சியில் அவளுக்குக் குரல் வரும்போது, மாமா என்ற அழைப்போடு அதில் வருவது ஜெய் ஸ்ரீராம். கதைக்குள் அது நன்றி. கதைக்கு வெளியே, அதே முழக்கத்தைத் தெருவில் வேறு விதமாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த இடத்தில் கொஞ்சம் நெருடும். இரண்டு உணர்வும் நியாயமானதே.

நிஜ வாழ்க்கை இந்தப் படத்தைச் சில மாதங்களிலேயே பிடித்துவிட்டது. சிறுவயதில் ரயிலேறிப் பாகிஸ்தானில் தவறிப்போன, பேசவும் கேட்கவும் முடியாத இந்தியப் பெண் ஒருவர் 2015 அக்டோபரில் நாடு திரும்பினார். அத்தனை வருடமும் அவரை வளர்த்தது கராச்சியின் எதி அறக்கட்டளை. அவர் இந்து என்று தெரிந்துகொண்ட அந்த அறக்கட்டளையின் பில்கிஸ் எதி, அவருக்கென்று சாமி படங்கள் வைத்து ஒரு பூஜை அறையே ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். இந்தியப் பிரதமர் அறிவித்த ஒரு கோடி ரூபாய் நன்கொடையை அப்துல் சத்தார் எதி நன்றி சொல்லி வேண்டாம் என்றுவிட்டார். எந்தத் திரைக்கதை ஆசிரியராவது இதை எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பார்கள்.

பவன் பொய் சொல்லாமல் காப்பாற்றியவன். அபர்ணா சென்னின் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' (2002) படத்தில் ஒருத்தி பொய் சொல்லிக் காப்பாற்றுகிறாள். கைக்குழந்தை சந்தானத்தோடு கல்கத்தாவுக்குக் கிளம்பிய தமிழ் பிராமணப் பெண் மீனாட்சி. பஸ்ஸில் உதவியாக வரும் புகைப்படக்காரர் ராஜா சவுத்ரி. வழியில் கலவரம், பஸ் நின்றுவிடுகிறது. தன் நிஜப் பெயர் ஜஹாங்கீர் என்று அவர் சொன்ன கணம் மீனாட்சிக்குத் தோன்றுவது உயிர்ப்பயம் அல்ல. அவருடைய பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டோமே என்பதுதான். பரம்பரை ஆசாரம் ஒரு மனசில் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. கும்பல் பஸ்ஸுக்குள் ஏறிப் பெயர் கேட்கும்போது அதே மீனாட்சி குழந்தையை அவர் மடியில் தள்ளி, நாங்கள் ஐயர் தம்பதி என்கிறாள். கொங்கனா சென் சர்மாவின் முகத்தில் அந்த ஒரு நொடியில் நடப்பதற்குத்தான் தேசிய விருது கொடுத்தார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அதே பஸ்ஸில் ஒரு வயதான முஸ்லிம் தம்பதியும் இருந்தார்கள். பீஷ்ம சாஹனியும் சுரேகா சிக்ரியும் நடித்தது. கும்பல் அவர்களைக் கீழே இறக்குகிறது. தான் தப்பிக்க அவர்களைக் கை காட்டிக்கொடுத்தவன் ஒரு யூத இளைஞன், சுன்னத் செய்த உடம்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். அந்தக் கிழவருக்காக பஸ்ஸில் பொய் சொல்ல யாரும் இல்லை. ஒருவரைக் காப்பாற்றிய கருணை இன்னொருவருக்கு எட்டவில்லை என்பதைப் படம் மறைக்காததால்தான் காப்பாற்றிய காட்சியை நம்ப முடிகிறது. குஜராத்தில் கலவரம் நடந்த அதே 2002-இல் படம் திரைக்கு வந்தது தற்செயல். எடுக்கத் தொடங்கியது அதற்கு முன்பே.

கமல்ஹாசனின் 'ஹே ராம்' (2000) இதே மாதிரி ஒரு கணத்தில்தான் திரும்புகிறது. காந்தியைச் சுட டெல்லிக்கு வரும் சாகேத் ராமின் வழியில் குறுக்கே நிற்பவன், மொகஞ்சதாரோ அகழாய்வில் உடன் வேலை பார்த்த பதான் நண்பன் அம்ஜத். அம்ஜதாக ஷாருக் கான் சம்பளம் வாங்காமல் நடித்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி.

மன்னிப்பு என்ற விஷயத்தை எடுத்துக்கொண்டால் மலையாளத்தை மிஞ்ச ஆளில்லை. டி. ஏ. ரசாக் எழுதி, கமல் இயக்கிய 'பெருமழக்காலம்' (2004) வளைகுடா வாழ்க்கையின் ஒரு சட்ட நுணுக்கத்தில் நிற்கிறது. சவூதியில் கொலைக்கு மரண தண்டனை. ஆனால் இறந்தவரின் வாரிசுகள் மன்னித்தால் குற்றவாளி உயிர் பிழைக்கலாம். அங்கே வேலைக்குப் போன இரண்டு மலையாளிகளில் ஒருவர் கைத்தவறுதலாக மற்றவரின் சாவுக்குக் காரணமாகிறார். தண்டனைக்குக் காத்திருப்பவரின் மனைவி ரஸியா, இறந்தவரின் மனைவி கங்காவைத் தேடிப் பாலக்காட்டு அக்ரஹாரத்துக்கு மழையில் நனைந்தபடி வருகிறாள். மீரா ஜாஸ்மினும் காவ்யா மாதவனும். தாலி அறுந்த ஈரம் காயாத வீட்டு வாசலில் நின்று, என் தாலியைக் காப்பாற்று என்று எப்படிக் கேட்பது? கேட்கத் தெரியாமல் ரஸியா நிற்பதுதான் படம். வீட்டாரை மீறிக் கங்கா கையெழுத்துப் போடுகிறாள்.

இரண்டு வருடம் கழித்து நாகேஷ் குக்குனூர் இதை 'டோர்' என்று இந்தியில் எடுத்தபோது, கதை இமாசலத்திலிருந்து ராஜஸ்தானுக்கு நகர்ந்தது. இங்கே வந்தவள் யாரென்று சொல்லாமல் முதலில் சிநேகிதியாகிவிடுகிறாள், உண்மை பிறகுதான் வெளிப்படுகிறது. அதனால் மன்னிப்பது இன்னும் கடினமாகிறது, கூடவே துரோகமும் சேர்ந்துவிடுகிறதே. எது சிறந்தது என்று கேட்டால், மழை மலையாளத்துக்கு, நடிப்பில் ஆயிஷா டாக்கியாவுக்கு ஒரு ஓட்டு கூடுதலாக. இந்தக் கதையை சினிமாத்தனம் என்று தள்ளுவதற்கு முன், 2024 ஏப்ரலில் நடந்ததை நினைவில் வைக்கவேண்டும். சவூதிச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த கோழிக்கோட்டுக்காரர் ஒருவரை மீட்க, கேரளத்து ஜனங்கள் சாதி மதம் பாராமல் 34 கோடி ரூபாய் திரட்டிவிட்டார்கள்.

மேலே சொன்ன பல படங்களில் கொடுப்பவர் இந்து, வாங்குபவர் முஸ்லிம் அல்லது அந்நியர். பெரும்பான்மை பெருந்தன்மை காட்டும், சிறுபான்மை கண் கலங்கும். இந்த வழக்கத்தை உடைத்தது மலப்புரம். ஸக்கரியா இயக்கிய 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018) செவன்ஸ் கால்பந்து மைதானத்தில் தொடங்குகிறது. ஊருக்கு ஊர் ஏழு பேர் ஆட்டம், ஆப்பிரிக்க வீரர்களுக்குக் கிராக்கி, எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அவர் சுடானிதான். மஜீதின் அணியில் ஆடும் நைஜீரியக் கிறிஸ்தவர் சாமுவேல் காலை உடைத்துக்கொள்கிறார். மருத்துவமனைச் செலவு தாங்காமல் மஜீத் அவரை வீட்டுக்கே கூட்டிவருகிறான். அங்கே மஜீதின் அம்மாவும் பக்கத்து வீட்டு பீயும்மாவும் அவரைக் கவனித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்கு மலையாளம் தெரியாது. இருந்தும் இரண்டு கிழவிகளும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சாவித்திரி ஸ்ரீதரன், சரஸா பாலுச்சேரி இருவரும் கோழிக்கோட்டு நாடக மேடையிலிருந்து வந்தவர்கள், அந்த வீட்டு அடுக்களையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி நடமாடுகிறார்கள். இதில் முஸ்லிம் வீடு யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அதுபாட்டுக்கு விருந்தாளிக்குச் சோறு போடுகிறது.

படம் வெளியானபின் சாமுவேலாக நடித்த சாமுவேல் அபியோலா ராபின்சன், தனக்குக் குறைந்த சம்பளம் தரப்பட்டதாகவும் நிறம்தான் காரணம் என்றும் சொன்னார். பிறகு தயாரிப்பாளர்களோடு பேசி முடித்து, நிறம் பற்றிய குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார். திரையில் கொடுத்த சோற்றின் கணக்கு திரைக்கு வெளியே அவ்வளவு எளிதாக நேராகவில்லை என்பதையும் இந்தப் படத்தின் வரலாற்றோடு சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' (2022) விருந்தோம்பலை இன்னும் விபரீதமான இடத்துக்குக் கொண்டுபோகிறது. வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மலையாளக் கிறிஸ்தவர் ஜேம்ஸ், வழியில் பஸ்ஸை நிறுத்தி, ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் நுழைந்து, காணாமல்போன சுந்தரமாகவே மாறிவிடுகிறார். தமிழ் பேசுகிறார், மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார். கட்டியவளுக்கும் பிள்ளைக்கும் அது பேரிடி. ஊர் கொதிக்கிறது, ஆனாலும் அவரை அடித்துத் துரத்தவில்லை. கண் தெரியாத கிழவி மட்டும் மகன் வந்துவிட்டான் என்று இயல்பாக இருக்கிறாள். மம்மூட்டி நடிப்பில் பழைய தமிழ்ப் பாட்டுகள் காற்றில் மிதக்க, அந்தக் கிராமம் காட்டும் பொறுமைக்குப் பெயர் வைப்பது கஷ்டம்.

தமிழுக்குக் கடல்தான் எல்லை. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ராமேஸ்வரம் அகதி முகாமில் பிறந்து சென்னையில் வளரும் அமுதாவை, பெற்ற தாயைத் தேடி இலங்கைக்கு அழைத்துப் போகிறது. அங்கே துணைக்கு வருபவர் ஒரு சிங்கள மருத்துவர், பிரகாஷ் ராஜ். போர் நடக்கும் நாட்டில் எதிர்த்தரப்பு என்று எண்ணப்படும் ஒருவரை அந்தக் குடும்பத்தின் காருக்குள் உட்கார வைத்தது அன்றைய தமிழ்ப் படத்துக்குச் சின்ன விஷயமல்ல. 2025 மே 1-இல் வந்த அபிஷன் ஜீவிந்தின் 'டூரிஸ்ட் ஃபேமிலி' எதிர்த்திசையில் பயணம் செய்கிறது. பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து படகேறி வந்த குடும்பம், சென்னையில் ஒரு தெருவில் பேச்சு வழக்கை மறைத்துக் குடியிருக்கிறது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத தெரு அது. அந்தத் தெருவை ஒன்றாக்குவது, சட்டப்படி அங்கே இருக்கவே கூடாத ஒரு குடும்பம். சசிகுமாரின் தர்மதாஸ் கொஞ்சம் அதிகமாகவே நல்லவர், எல்லோரும் திருந்திவிடுவது கொஞ்சம் சீக்கிரமாகவே நடக்கிறது. ஆனால் விருந்தாளி வீட்டுக்காரருக்கு அன்பு கற்றுக்கொடுப்பது 'காபூலிவாலா'விலிருந்து நெடுந்தூரம் வந்துவிட்ட ஒரு திருப்பம்.

யஷ் சோப்ராவின் 'வீர்-ஜாரா' (2004) பெரும்பாலும் 22 வருடச் சிறைவாசத்துக்காகவும் மதன் மோகனின் பழைய மெட்டுகளுக்காகவும் நினைவில் இருக்கிறது. அதன் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள். லாகூர்ப் பெண் ஜாரா இந்தியாவுக்கு வருவது காதலுக்காக அல்ல. தன்னை வளர்த்த சீக்கியக் கிழவியின் அஸ்தியை, அவள் கடைசி ஆசைப்படி கிராத்பூரில் சட்லெஜ் ஆற்றில் கரைக்கத்தான். வீட்டுக்குச் சொல்லாமல், தனியாக, எல்லை தாண்டி. காதல் பாட்டுகளை எல்லாம் வெட்டி எறிந்தாலும் அந்த ஒரு பயணம் நிற்கும்.

எல்லை தாண்டி வரும் படங்களுக்கே இன்று எல்லையில் வேலி நிற்கிறது. 1965 போருக்குப் பிறகு இந்தியப் படங்களுக்குப் பாகிஸ்தான் தியேட்டர்கள் 40 வருடங்களுக்கும் மேல் ஏறக்குறைய மூடியே கிடந்தன. 'பஜ்ரங்கி பாய்ஜான்' அங்கேயும் ஓடியது, கதவு திறந்திருந்த கொஞ்ச காலத்தில். 2016-இல் உரி தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் நடிகர்களுக்கு மும்பைத் தயாரிப்பாளர் சங்கம் தடை போட்டது. 2019-இல் பாலாகோட்டுக்குப் பிறகு அங்கே இந்தியப் படங்கள் மறுபடியும் நின்றன. பஹல்காம் படுகொலைக்குப் பின், 2025 மே மாதம் வரவிருந்த, பாகிஸ்தான் நடிகர் ஃபவாத் கானின் 'அபீர் குலால்' இந்தியாவில் திரைக்கு வரவில்லை. இவற்றுக்கு நடுவில் ஒரு விசித்திரம்: 'பஜ்ரங்கி'யின் தர்காக் காட்சியில் கவ்வாலி பாடித் தோன்றிய அத்னான் சாமி, பாகிஸ்தான் குடியுரிமை கொண்டிருந்தவர், 2016 ஜனவரி 1 முதல் இந்தியக் குடிமகன்.

உள்நாட்டிலும் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. 'கரம் ஹவா', 'ரோஜா', 'பம்பாய்', 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' போன்ற படங்கள் வாங்கிய தேசிய ஒருமைப்பாட்டு விருது பல வருடங்களாக நர்கிஸ் தத் பெயரில் இருந்தது. முஸ்லிமாகப் பிறந்து, 'மதர் இந்தியா'வாக நடித்து, சுனில் தத்தை மணந்தவர் அவர். காணாமல்போன தன் பசுவைத் தேடித் திரியும் ஒரு முஸ்லிம் சிறுவனைப் பற்றிய கன்னடப் படம் 'ஒந்தல்லா எரடல்லா' (2018) அந்த விருதை வாங்கியது. பசுவை வைத்துத் தெருவில் ஆட்களை அடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில் அப்படி ஒரு பையனைக் கற்பனை செய்ததற்கே இயக்குநர் சத்யபிரகாஷைப் பாராட்டலாம். 2024-இல் விதிகளைத் திருத்தியபோது விருதின் பெயரிலிருந்து நர்கிஸ் தத் போனார். தேசிய, சமூக, சுற்றுச்சூழல் மதிப்புகள் என்று மூன்றையும் ஒரே தலைப்பில் கட்டிவிட்டார்கள்.

விருதும் தடையும் எப்படி இருந்தாலும் கதைகள் நின்றுவிடவில்லை, இப்போது நிஜத்திலிருந்தே வருகின்றன. 2020 மே மாத ஊரடங்கில் சூரத்திலிருந்து உத்தரப் பிரதேசத்துக்கு லாரியில் கிளம்பிய இரண்டு இளம் தொழிலாளர்கள், ஒருவர் தலித், ஒருவர் முஸ்லிம். ஒரே ஊர்ச் சிநேகிதர்கள். வழியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது, கொரோனா என்று பயந்து உடன் வந்தவர்கள் அவரை இறக்கிவிடச் சொன்னார்கள். இறங்கச் சொன்னது ஒருவரை, இறங்கியது இரண்டு பேர். சாலையோரத்தில் நண்பனைத் தன் மடியில் கிடத்தியிருந்த முஸ்லிம் இளைஞரின் புகைப்படம் நாடு முழுக்கப் பரவியது. காய்ச்சல்காரர் பிழைக்கவில்லை. பத்திரிகையாளர் பஷாரத் பீர் அந்த நட்பைப் பற்றி எழுதினார், அதிலிருந்து நீரஜ் கேவான் 'ஹோம்பவுண்ட்' படத்தை எடுத்தார். விஷால் ஜெத்வா, இஷான் கட்டர் நடித்த படம் 2025-இல் கேன்ஸில் திரையிடப்பட்டு, செப்டம்பரில் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்து, ஆஸ்கருக்கு இந்தியாவின் தேர்வாகவும் போனது. போலீஸ் தேர்வு எழுதி, சீருடை போட்டால் மரியாதை கிடைக்கும் என்று நம்பிய இரண்டு பையன்களின் கதையாக அதைக் கேவான் விரித்திருக்கிறார். லாரியிலிருந்து இறங்கும் முடிவுக்கு அவர் நீண்ட வசனம் எதுவும் வைக்கவில்லை.